கல் விளையாத மண்ணில் இரண்டு கற்கோடரிகள்: செம்பியன்கண்டியூர் நிகழ்வு ஆய்வு

2006 பிப்ரவரியில், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வாழைக்கன்றும் தென்னங்கன்றும் வைப்பதற்காக வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினார். மண்ணுக்குள்ளிருந்து மழமழவென்று இரண்டு கற்கள் வந்தன. வேறொருவர் என்றால் வேலியோரம் வீசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவருக்குத் தொல்லியலில் ஈடுபாடு உண்டு. அதே ஊரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்தார். அவருக்குத் தொலைபேசியில் தகவல் போனது. கற்கள் அவர் கைக்கு வந்து, அங்கிருந்து மாநிலத் தொல்லியல் துறையின் சிறப்பு ஆணையராக இருந்த டி.எஸ். ஸ்ரீதரின் பார்வைக்குச் சென்றன. இரண்டும் புதிய கற்காலத்து மெருகிட்ட கற்கோடரிகள் என்று துறையினர் முடிவு செய்தனர். ஒன்றில் நான்கு குறிகள் கீறப்பட்டிருந்தன.

அந்த நான்கு குறிகளும் சிந்துவெளி எழுத்துகள் என்று சிந்து எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் சொன்னார். மே மாதம் செய்தி வெளியானது. அதன்பின் நடந்த பேச்செல்லாம் குறிகளைப் பற்றியே நடந்தது. கல்லைப் பற்றியும், அது கிடந்த குழியைப் பற்றியும் பேசியவர்கள் குறைவு. காவிரிப் படுகையில் வேலை செய்பவர்களுக்கு இதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. எழுத்து வடக்கோடு உறவு சொல்கிறதா இல்லையா என்று தீர்ப்பதற்கு முன்னால், கருங்கல்லே இல்லாத வண்டல் மண்ணில் ஒரு கற்கோடரி எப்படி வந்தது, எந்த அடுக்கில் கிடந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கேள்விகள் அவைதான். குறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவற்றுக்குப் போவோம்.

குறிகளை முதலில் முடித்துவிடுவோம்

குறியுள்ள கல் சிறியது. நீளம் 6.5 செ.மீ., எடை 125 கிராம். மரம் சாய்க்கும் கோடரி என்று கற்பனை செய்துகொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் கல், பிடி போட்டு மரம் செதுக்கும் உளிபோலப் பயன்பட்டிருக்கவே அதிக வாய்ப்பு.

முதல் குறி, முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும், விலா எலும்பு தெரியும் உருவம். இரண்டாவது, சாடி. மூன்றாவது சூலம்போல இருக்கிறது. நான்காவது, நடுவில் வளையம் உள்ள பிறை. மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பில் முதல் குறிக்கு எண் 48, சாடிக்கு எண் 342. இந்த இரண்டும் சேர்ந்து வருவதை 'முருகன்' என்று அவர் படித்தார். கல்லின் காலம் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடைப்பட்டது என்பது அவர் கணிப்பு. அதுவரை சிந்து எழுத்து கிடைத்த தென்கோடி இடமாகச் சொல்லப்பட்டது மகாராஷ்டிரத்தில் கோதாவரிப் படுகையில் உள்ள தைமாபாத். அங்கிருந்து ஒரே தாவலில் காவிரிக் கடைமடைக்கு வந்ததால் பரபரப்பு எழுந்ததில் வியப்பில்லை.

இது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாசிப்பு ஆகிவிடவில்லை. சிந்துக் குறிகள் ஒரு மொழியை எழுதிய எழுத்தே இல்லை என்று ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2004-லேயே வாதிட்டிருந்தார்கள். எழுத்து என்று ஒப்புக்கொள்கிறவர்களிடமும் ஒருமித்த வாசிப்பு இல்லை. சிந்து எழுத்தைப் புரிந்துகொள்ள வழி காட்டுகிறவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார் என்றால், கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது என்றுதான் பொருள். எனவே குறிகளை வைத்துக் கல்லின் காலத்தைச் சொல்வதும், கல்லின் காலத்தை வைத்துக் குறிகளுக்கு வயது சொல்வதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு. தரையில் ஊன்றிய கால் ஒன்று வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது மண்.

மண் என்ன சொல்கிறது

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்குக் கிழக்கே போகப் போக மணலும் வண்டலும் களியும்தான். ஆறு தன் பாறைகளையும் பெரிய கூழாங்கற்களையும் மேலேயே இறக்கிவிட்டு வருகிறது. கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை வட்டாரத்தில் தோண்டினால் பாறை தட்டுப்படாது. மயிலாடுதுறையிலிருந்து கண்ணுக்கு எட்டும் முதல் கற்பாறை வேண்டுமென்றால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மேற்கே, திருச்சி மலைக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே செம்புரைக் கல்லும் கடலூர் மணற்கல்லும் வெளியே தெரியும். வல்லத்துப் படிகக்கல்லில் மூக்குக்கண்ணாடி செய்த காலமும் உண்டு. ஆனால் கோடரி செய்யும் கருங்கல் அங்கே இல்லை.

இதன் விளைவு, படுகையில் கிடைக்கும் எந்தக் கல்லும் வெளியூர்க் கல். ஒரு மனிதர் சுமந்து வந்திருக்க வேண்டும், அல்லது வண்டியிலோ படகிலோ ரயிலிலோ லாரியிலோ வந்திருக்க வேண்டும். தொண்டை நாட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதல் பழைய கற்காலக் கருவியை எடுத்தபோதும், அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தை அடையாளம் கண்டபோதும், கருவிகள் இயற்கையான சரளைக்கு நடுவில் கிடந்தன. எது மனிதன் உடைத்தது, எது தானாக உடைந்தது என்று பிரிப்பதுதான் அங்கே முதல் வேலை. படுகையில் அந்தத் தலைவலி குறைவு. ஆனால் இங்கே வேறொரு தலைவலி காத்திருக்கிறது. கல் மனிதன் கொண்டுவந்தது என்பது பார்த்த உடனே தெரியும். எந்த மனிதன், எப்போது என்பதுதான் தெரியாது.

ஏனென்றால் படுகைக்குக் கல் பல முறை வந்திருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன்மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். குத்தாலத்துக்கு அருகே உள்ள கோனேரிராசபுரம் அவற்றுள் ஒன்று. அன்று தச்சர்கள் கொத்திய சில்லுகள் கோயிலைச் சுற்றிய மண்ணில் இன்றும் இருக்கும். உடைந்த அம்மி, ஆட்டுக்கல், குழவி, திருகை எல்லாம் கொல்லையில்தான் கடைசியாக வந்து விழும். ரயில் தண்டவாளத்து ஜல்லி, சாலை ஜல்லி, வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி என்று இன்னொரு அடுக்கு. கள ஆய்வில் கையில் கிடைக்கும் கருங்கல் துண்டுகளில் பெரும்பாலானவை இந்த வகையறா. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பழைய கருவி என்று பேச முடியும். செம்பியன்கண்டியூர்க் கற்களில் இந்தக் குழப்பம் இல்லை என்பது அவற்றின் வடிவத்தாலேயே தெரிகிறது. கொத்தி, பொளிந்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு முனையைக் கூராக்கிய வேலை அம்மி கொத்துகிறவர் செய்யும் வேலை இல்லை.

இன்னொரு சிக்கல், மேற்பரப்பில் நடந்து தேடுவது. சேலம், தருமபுரிப் பக்கம் மழைக்குப் பின் காட்டில் நடந்தாலே கற்கருவி கண்ணில் படும். தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், மணலைக் காற்று நகர்த்த, நுண்கற்கருவிகள் என்னும் மிகச் சிறிய கற்கருவிகள் தாமாகவே வெளியே வந்து கிடந்தன. தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் அவற்றை விரிவாக எழுதினார்கள். படுகையில் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு வெள்ளமும் பழைய தரையின்மேல் ஒரு படலம் வண்டலைப் போர்த்திவிட்டுப் போகிறது. மேலே நடந்து பார்த்துவிட்டு 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதுவது மிக எளிது. காவிரிப் படுகையில் கற்கால மனிதனே இல்லை என்ற எண்ணம் நெடுநாள் நிலைத்ததற்கு, அவன் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். அவன் நின்ற தரை நம் காலுக்குப் பல அடி கீழே இருப்பதும் காரணமாக இருக்கலாம். தேடும் முறை சரியில்லாமல் இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை.

கல் எந்த மலையுடையது

இந்தக் கல் தென்னிந்தியத் தீபகற்பத்தைச் சேர்ந்தது, ஆகவே கோடரி வடக்கிலிருந்து வந்திருக்க முடியாது என்று மகாதேவன் சொன்னார். வாதத்துக்கு அது தேவையாக இருந்தது. கல் இங்கேயே உள்ளது என்றால் எழுதியவரும் இங்கேயே இருந்தார் என்று ஆகிறது. தீபகற்பக் கல் என்பதை ஏற்கலாம். ஆனால் தீபகற்பம் பெரியது. புதிய கற்காலக் கோடரிகளுக்குத் தென்னிந்தியாவில் விரும்பிப் பயன்படுத்தியது டோலரைட் என்னும் கரும்பாறை. பெல்லாரி அருகே சங்கனகல்லுவில் அந்தப் பாறையிலிருந்து கோடரி செய்த பெரிய பட்டறையே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளில் இந்தப் பாறை சுவர்போல நீண்டு ஓடுகிறது. அங்கெல்லாம் புதிய கற்கால இடங்களும் நிறைய உண்டு. பையம்பள்ளியும் மயிலாடும்பாறையும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

சேலத்துப் பக்கமிருந்து வந்திருந்தால் கோடரி 200 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டிருக்கிறது. வழி கடினமானதும் இல்லை. காவிரிக் கரையோடு நடந்தால் போதும். மலையில் கல் இருக்கிறது, கீழே கல் இல்லை. உப்பும் மீனும் கீழே இருக்கிறது. இரண்டு பக்கமும் கொடுக்கவும் வாங்கவும் பொருள் இருந்தது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். ஆனாலும் இது ஊகம். பாறையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அதன் தனிம விகிதத்தை ஊர் ஊராக எடுத்த பாறை மாதிரிகளோடு ஒப்பிட்டால்தான் அது சான்றாகும். குறியுள்ள கல்லை அறுக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. மேற்பரப்பைத் தொடாமல் எக்ஸ்-கதிர் கொண்டு தனிமங்களை அளக்கும் கைக்கருவிகள் இப்போது இருக்கின்றன. அதனால் கல்லுக்குச் சேதமில்லை.

குழி

இனி இந்த நிகழ்வின் பலவீனமான இடத்துக்கு வருகிறோம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆசிரியர் செய்தது, பலரும் செய்யாத நல்ல காரியம். கற்களை விற்கவில்லை, அலமாரியில் வைத்து அழகு பார்க்கவில்லை, தெரிந்தவரிடம் சேர்த்தார். ஆனால் மண்வெட்டி மண்ணைக் கிளறிய கணத்திலேயே கற்களுக்கும் அவை கிடந்த அடுக்குக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. தென்னங்குழி என்றால் வழக்கமாக மூன்றடி, வாழைக்குழி அதில் பாதி. அப்படியானால் கற்கள் மேல்மட்டத்திலிருந்து அதிகம் போனால் ஒரு மீட்டருக்குள் கிடந்திருக்கின்றன.

மூவாயிரத்து ஐந்நூறு வருடப் பொருள் ஒரு மீட்டருக்குள்ளா, அதுவும் வண்டல் படியும் ஊரில்? இதற்கு விடை மூன்று வகையில் இருக்கலாம். முதலாவது, ஊர் நத்தம் பழைய திடலாக இருக்கலாம். சுற்றிலும் வயல் மேடேற, வெள்ளம் ஏறாத திடலில் பழைய தரை ஆழமாகப் புதையாமலேயே இருந்திருக்கும். இரண்டாவது, கீழே கிடந்ததைப் பின்னால் வந்தவர்கள் கிணறு, குளம், குப்பைக்குழி என்று தோண்டி மேலே கொண்டுவந்திருக்கலாம். மூன்றாவது வகை எனக்கு எப்போதும் உறுத்துவது. பிற்காலத்தவர் யாரோ இந்தக் கற்களை எங்கிருந்தோ எடுத்துவந்து, பழமையான, சக்தியுள்ள பொருளாக மதித்து வைத்திருந்திருக்கலாம். சேர்வராயன், கல்வராயன் மலை ஊர்களில் மெருகிட்ட கற்கோடரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவதை இன்றும் பார்க்கலாம். மலையிலிருந்து ஒரு கோடரி அப்படி எந்த நூற்றாண்டிலும் படுகைக்கு இறங்கியிருக்க முடியும்.

இந்த மூன்றில் எதை ஏற்பது என்பதைக் குழியின் பக்கச் சுவர் சொல்லியிருக்கும். மண் நிறம் எங்கே மாறுகிறது, கற்களோடு என்ன ஓடு கிடந்தது, கற்கள் படுத்த நிலையில் கிடந்தனவா, செருகிய நிலையிலா, கற்களைச் சுற்றிப் பழைய குழியின் விளிம்பு தெரிந்ததா? இவையெல்லாம் பார்த்த அன்று எழுதி வைத்தால்தான் உண்டு. இன்று யாருக்காவது கொல்லையில் இப்படி ஒரு கல் கிடைத்தால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: அதற்குமேல் வெட்டாமல் நிறுத்துவது, கல்லைக் கழுவாமல் வைப்பது, குழிச் சுவரையும் அதில் கல் கிடந்த இடத்தையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பது, மேல்மட்டத்திலிருந்து ஆழம் அளந்து எழுதுவது, பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்வது. மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து கல்லை ஒளித்தவர்களும் உண்டு. அந்தப் பயம் போக வேண்டுமானால், தகவல் சொன்னவருக்கு நில விவகாரம் வராது என்ற நம்பிக்கையை அதிகாரிகள்தான் உண்டாக்க வேண்டும்.

அகழாய்வு தந்ததும் தராததும்

தொல்லியல் துறை இந்த ஊரை அப்படியே விட்டுவிடவில்லை. 2007-08 பருவத்தில் செம்பியன்கண்டியூரில் அகழாய்வு நடந்தது. அதில் முக்கியமாக வெளிப்பட்டது பெருங்கற்கால, அதாவது இரும்புக் கால மக்களின் தடயம்: மண்கலங்கள், அவற்றின்மேல் கீறிய குறியீடுகள். 2008 மே மாதம் மகாதேவன் இன்னொரு கவனிப்பைச் சொன்னார். செம்பியன்கண்டியூர் ஓடுகளிலும், பூம்புகாருக்கு அருகே மேலப்பெரும்பள்ளத்தில் கிடைத்த ஓட்டிலும் அம்புக் குறி இரண்டு முறை அடுத்தடுத்துக் கீறப்பட்டிருந்தது. சிந்து முத்திரைகளிலும் அது அப்படி இரட்டையாக வருகிறது என்றார் அவர்.

ஆக, ஊரில் பழைய குடியிருப்பு உண்டு என்பது அகழாய்வால் உறுதியானது. அது இரும்புக் காலத்தில் நன்றாகத் தெரிகிறது. கோடரியைப் புதிய கற்காலம் என்று சொல்ல வைத்தது அதன் வடிவமும் மெருகும். இந்த இரண்டையும் எப்படி இணைப்பது? கோடரி இரும்புக் காலத்தவர் கையிலேயே இருந்திருக்கலாம் என்பது ஒரு வழி, அதில் அபத்தம் ஒன்றும் இல்லை. கர்நாடகத்தில் பிரம்மகிரியை 1947-இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், கற்கோடரிப் பண்பாடு பெருங்கற்காலத்தோடு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதைக் காட்டினார். இரும்பு வந்த மறுநாளே யாரும் கல்லைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

2006-க்குப் பிறகு தமிழகத்தில் காலக்கணக்கே நகர்ந்துவிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. சிவகளையிலிருந்து கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு 2025 ஜனவரியில் வெளியானது. இவை நிலைத்தால், கி.மு. 2000 முதல் 1500 வரை என்றாலே 'இன்னும் இரும்பு அறியாத புதிய கற்காலம்' என்று படிக்க முடியாது. அதே காலத்தில் ஒரு மலையோரத்தில் இரும்பு உருகியிருக்கிறது, இன்னோர் ஊரில் கல் தேய்ந்திருக்கிறது. மெருகிட்ட கோடரி என்ற வடிவம் மட்டும் இனி ஓர் ஊருக்குக் காலம் சொல்லப் போதாது. என் கணிப்பில் இந்த நிகழ்வில் மிகவும் தளர்ந்துபோன கண்ணி இதுதான். குறிகளைப் பற்றிய சண்டையில் அதை யாரும் தொடவில்லை.

நடுவே ஒரு சிக்கிமுக்கி விவகாரம்

கற்கருவி என்றாலே சிக்கிமுக்கிக் கல் என்று நினைத்து, பளபளப்பான துண்டு ஏதாவது கிடைத்தால் 'சார், இது கற்காலத்து ஆயுதமா?' என்று எடுத்துவருகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் கற்கால மனிதன் நம்பியிருந்த அசல் சிக்கிமுக்கிக் கல், அங்குள்ள வெண்சுண்ணப் பாறைக்குள் முடிச்சு முடிச்சாக விளைவது. நம் பக்கத்தில் அந்தப் பாறை இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்தவை குவார்ட்சைட், குவார்ட்ஸ், செர்ட் போன்ற கடினமான கற்கள். அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்ட கருவிகளும் குவார்ட்சைட்தான்.

அப்படியானால் தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கடற்கரையில் அசல் சிக்கிமுக்கிச் சில்லு கிடைத்தால் மகிழ்வதற்கு முன் கப்பலைத்தான் நினைக்க வேண்டும். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. டென்மார்க் சிக்கிமுக்கிக் கல் ஏராளமாகக் கிடைக்கும் நாடு. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் அந்தக் கல்லின் பொறியில்தான் வெடித்தன. வெறுங்கப்பல் ஆடாமலிருக்க அடியில் கல்லேற்றுவதும் வழக்கம். மனிதன் அடித்து உடைத்ததைக் காட்டும் குமிழும் அலையலையான வரியும் இருந்தாலே கற்காலம் ஆகிவிடாது. துப்பாக்கிக் கல் செதுக்கியவனும் அதே மாதிரிதான் அடித்தான். சதுரமாக, ஓரம் நொறுங்கி, கோட்டைக்குப் பக்கத்தில் கிடந்தால் விடை ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கல்

செம்பியன்கண்டியூரில் வந்தவை இரண்டு கற்கள் என்பதைப் பல செய்திகள் ஒரு வரியில் கடந்துவிட்டன. குறியில்லாத இரண்டாவது கோடரியைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. அதனாலேயே அது இந்த நிகழ்வில் நம்பகமான சாட்சி என்பேன். ஒரு கோடரி மட்டும் கிடைத்திருந்தால், போகிற வழியில் யாரோ தவறவிட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே குழியில் இரண்டு கிடைப்பது தற்செயலாக நடக்காது. யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள்: கருவிகளைப் பத்திரப்படுத்தியவராக இருக்கலாம், இறந்தவரோடு வைத்தவராக இருக்கலாம், சாமி என்று வைத்தவராகவும் இருக்கலாம்.

இதில் எது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இரண்டு கற்களின் தனிமக் கணக்கையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே பாறையிலிருந்து வந்தவை என்றால், ஒரே பட்டறையில் செய்து சேர்ந்தே இறங்கிவந்த ஜோடி என்று கருத இடமுண்டு. அப்போது அவற்றைப் பயன்படுத்திய மக்கள் படுகையில் வாழ்ந்தார்கள் என்ற வாதம் வலுக்கும். ஊர்த் திடலில் துளையிட்டு, கீழ் வண்டலின் வயதை, மணல் துகள் கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணக்கிடும் ஒளியூட்டல் முறையில் கணித்து அந்த அடுக்கைத் தேடுவதற்கு நியாயம் கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு மலைப் பாறை என்றால், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் கிடைத்ததை யாரோ ஒருவர் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். அந்த ஒருவர் எந்தக் காலத்தவராகவும் இருக்கலாம். அப்போது நான்கு குறிகளையும் கீறியது கோடரியைச் செய்தவரா, வெகுகாலம் கழித்து அதைக் கண்டெடுத்தவரா என்ற கேள்வியை, கீறலின் உள்ளே காலப்போக்கில் படிந்த படலமும் மெருகின்மேல் படிந்த படலமும் ஒன்றா என்று நுண்ணோக்கியில் பார்த்து, முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.